அந்தப் பக்கத்துல யாரு கீறா?

எந்தக் கம்பெனி சிம் வாங்கலாம் என்று யார் போய்க் கேட்டாலும் அத்தை முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அந்தப் பக்கத்துல யாரு கீறா?"

பத்துப் பதினோரு வருடங்களுக்கு முன்பு திருத்தணி பஸ் ஸ்டாண்டு எதிரில் வரிசையாகக் குடைகள் விரிந்திருக்கும். நீலக் குடை, சிவப்புக் குடை, மஞ்சள் குடை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கம்பெனி. நொடிக்கு இவ்வளவு, நிமிடத்துக்கு இவ்வளவு, வெளிமாநிலம் தனி, பார்டர் தாண்டினால் அது தனி. நகரி எங்களுக்கு அரை மணி நேரப் பஸ் பயணம்தான். ஆனால் அது ஆந்திரா. பக்கத்து ஊர்க்காரரோடு பேசுவது போனுக்கு வெளியூர்ப் பேச்சு. மலைப்படி ஏறும்போது ஏதோ ஒரு திருப்பத்தில் ஆந்திரா டவர் பிடித்து, 'ஆந்திரப் பிரதேசம் உங்களை வரவேற்கிறது' என்று மெசேஜ் வரும். "சாமி இன்னும் பாக்கவே இல்ல, அதுக்குள்ள கம்பெனிக்காரன் வாங்க வாங்கன்றான்" என்று அவர் சிரிப்பார்.

எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் அத்தை. என் வாயிலும் அத்தைதான். விசைத்தறிக்குத் தார் சுற்றிக் கொடுப்பது அவர் வேலை. நூலை விரல் நீளக் கட்டைகளில் சுற்றுகிற அந்தச் சின்ன மோட்டார் காலையிலிருந்து மாலை வரை இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் போன் அடிப்பது கேட்காது. அதனால் போனை ஒரு காலிப் பித்தளைச் சொம்புக்குள் நிறுத்தி வைத்திருப்பார். அடித்தால் சொம்பே அதிரும். சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருந்த எனக்கும் கேட்கும்.

எனக்குக் கல்யாணமாகி ஆறாம் மாதம் அந்த வீட்டுக்குக் குடிபோனோம். ஒரே சுவரைப் பகிர்ந்த இரண்டு போர்ஷன். என் கணவர் விடிந்ததும் ரயில் பிடித்து அம்பத்தூர் போய்விட்டு இருட்டிய பிறகு வருவார். எனக்குப் பகல் முழுக்க அத்தைதான் துணை. நான் இயற்பியல் படித்தவள் என்று தெரிந்ததும் என்னைப் 'படிச்ச பொண்ணு' என்றுதான் கூப்பிடுவார். அதில் கொஞ்சம் கேலியும் இருக்கும், நிறைய மரியாதையும் இருக்கும்.

பால்காரம்மா ஒருநாள் மகனோடு பேச சிம் வாங்க வேண்டும் என்று வந்து நின்றார். "எம்புள்ள ஓசூர்ல கீறான் அத்த. எது சீப்பு?"

"சீப்ப வெச்சி இன்னா பண்ணுவ? அவன் எதுல கீறான்?"

"அது தெர்லியே."

"பெத்தவ நீ. அது தெரியாம சீப்பு கேக்க வந்துட்ட. அவன் எந்தக் கம்பெனியோ அதையே நீயும் வாங்கு. ஒரே கம்பெனின்னா ரெண்டு பேரும் சும்மா பேசலாம். போ, கேட்டுகினு வா."

எதிர்வீட்டில் தாலுகா ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். மனைவி இல்லை. எல்லாக் குடையிலும் நோட்டீஸ் வாங்கி, பென்சிலால் கட்டம் போட்டு ஒப்பிட்டுக்கொண்டு ஒரு வாரமாக அலைந்தார். அவரிடம் அத்தை கேட்டது எனக்கு அப்போது கொடுமையாகப் பட்டது.

"ஐயா, இத்தினி காகிதம் வெச்சிகினு கீறீங்களே, உங்களுக்கு யார்னா போன் பண்றாங்களா?"

"பையன் புனாவில் இருக்கானே."

"பண்றானா?"

அவர் நோட்டீஸ்களை மடித்துக்கொண்டே, "தீபாவளிக்குப் பண்ணுவான்" என்றார்.

"அப்ப எதுனா வாங்குங்க. எல்லாம் ஒண்ணுதான். வாங்கினதும் மொத ரிங்கு எனக்குக் குடுங்க."

அவர் கொடுத்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அத்தை அவருக்கு ஒரு ரிங் விட்டு கட் செய்தார். அவரும் திருப்பி ஒன்று விட்டு, போனைக் காதில் வைக்காமலே, இங்கே சொம்பு அதிர்வது கேட்டதும் கட் செய்தார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். "பெருசு உசுரோட கீதான்னு பாக்கணும்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டு மோட்டாரைப் போடுவார். இரண்டு பேருக்கும் காசு செலவில்லை.

அவருடைய ஒரே மகள் நகரிப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்த வீட்டில் மாமியாரிடம்தான் போன். அதில் வெறும் மிஸ்டு கால் விடும் அளவுக்குத்தான் காசு இருக்கும். அம்மாவின் நம்பரை அதில் பதிந்து வைக்கவும் முடியாது. மாமியார் கொல்லைப்புறம் போகிற நேரம் பார்த்து, மனப்பாடமாக எண்களை அழுத்தி, ரிங் விட்டுவிட்டு, அடித்த தடயத்தையும் அழித்துவிடுவாள். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரு கணக்கு இருந்தது: ஒரே அழைப்பில் எத்தனை ரிங் போகிறது என்று மகள் காதில் கேட்டு எண்ணிக் கட் செய்வாள். ஒரு ரிங் என்றால் நல்லா இருக்கேன். இரண்டு என்றால் நீ கூப்பிடு, இப்போது பேசலாம். மூன்று என்றால் புறப்பட்டு வா.

ஒருமுறை மகள் கூப்பிடாமலேயே அத்தை போய் நின்றிருக்கிறார். "சொல்லாம கொள்ளாம வர்றதுதான் உங்க ஊர் வழக்கமா?" என்று வாசலிலேயே கேட்டார்களாம். அவர் திரும்பி வந்த பிறகு ஒரு வாரம் மகளோடு அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. அதிலிருந்து மூன்று ரிங் வராமல் அவர் பஸ் ஏறுவதில்லை. அந்த நம்பரிலிருந்து வரும் போனை எடுப்பதும் இல்லை. எடுத்தால் மாமியார் போனில் காசு குறையும்.

மகளின் ரிங் வந்தால் மோட்டாரை நிறுத்திவிட்டு, ரிங்குக்கு ஒன்றாக எண்ணுவதற்காக, கையில் இருக்கும் தாரை எடுத்துத் தரையில் வைப்பார். அடுத்த தாரைக் கையில் பிடித்தபடி காத்திருப்பார். அடுத்த ரிங் வராது. "ஆங், நல்லா கீறா" என்று கையிலிருப்பதைக் கூடையில் போட்டுவிட்டு மறுபடி வேலையைத் தொடங்குவார். வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் மதியத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் இது நடக்கும். நான் என் வேலையை நிறுத்திவிட்டு இரண்டாவது ரிங் வருகிறதா என்று காது கொடுப்பேன். வராவிட்டால் எனக்கும் நிம்மதியாக இருக்கும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், எனக்கு எதுவும் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அந்த வருடம் மகள் ஏழு மாத கர்ப்பம். எனக்கு ஐந்தாம் மாதம். அத்தை கண்ணாடி வளையல் இரண்டு ஜதை வாங்கி, ஒரே துணியில் முடிந்து, பரணில் வைத்திருந்தார். "ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு உனக்கு."

அப்போதுதான் புதிதாக வந்த கம்பெனிக்காரர்கள் பச்சைக் குடை விரித்தார்கள். ஆந்திராவுக்கும் உள்ளூர் ரேட்டுதான், பார்டர் தாண்டினாலும் பிடித்தம் கிடையாது, நம்பர் மாற வேண்டாம், கம்பெனி மட்டும் மாறினால் போதும் என்றார்கள். எனக்கு உடனே அத்தையின் ஞாபகம் வந்தது. மகள் இரண்டு ரிங் விட்டு இவர் திருப்பிக் கூப்பிடும்போதெல்லாம் பாதிப் பேச்சில் காசு தீர்ந்து லைன் போய்விடும். அவர் போனைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் வற்புறுத்தினேன்.

அவர் சீக்கிரம் ஒத்துக்கொள்ளவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு பச்சைக் குடைக்காரரிடம் நேரில் போனார். அவர் ரேட்டு சொல்லச் சொல்ல, இவர் வேறு கேட்டார்.

"உங்க கம்பெனில ரிங்கு எப்பிடி அடிக்கும்?"

"எல்லாத்துலயும் அடிக்கிற மாதிரிதாம்மா அடிக்கும்."

"சீக்கிரம் சீக்கிரமா அடிக்குமா, நிதானமா அடிக்குமா?"

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். "அத்தை, நம்பரும் மாறாது, ரிங்கும் மாறாது. நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

"படிச்ச பொண்ணு சொல்லிட்டா, அப்பறம் இன்னா?" என்று கட்டைவிரல் ரேகையை வைத்தார். கம்பெனி மாறுவதற்கான மெசேஜை அவர் போனிலிருந்து அனுப்பியது நான். புது சிம் உயிர் பெற்றதும் முதலில் எதிர்வீட்டுக்காரரிடமிருந்து ஒரு ரிங் வாங்கிப் பார்த்தோம். சொம்பு எப்போதும் போல அதிர்ந்தது. "மாறல" என்றார் திருப்தியாக.

மறுநாள் புதுக் கம்பெனியிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. ஒரு மாதத்துக்குக் காலர் டியூன் இலவசம். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. மெசேஜ் வந்தால் என்னிடம்தான் கொடுப்பார். நான் படித்துவிட்டு ஒரு முருகன் பாட்டைத் தேர்ந்தெடுத்து வைத்தேன். என் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. என்றைக்காவது யாராவது, "உனக்குப் போன் பண்ணா சாமி பாட்டு கேக்குதே" என்று சொல்லி அவர் வாய் பிளக்கட்டும் என்று நினைத்தேன். அவரிடமிருந்து எவ்வளவோ வாங்கிக்கொண்டிருந்தேன். திருப்பிக் கொடுக்க எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான் என்று இருந்தது.

இங்கே சொம்புக்குள் அடிக்கிற ரிங்கும், கூப்பிடுகிறவர் காதில் கேட்கிற ரிங்கும் வேறு வேறு என்று எனக்குத் தெரியும். பாட்டு வைத்தால் கூப்பிடுகிறவருக்கு ரிங் கேட்காது, பாட்டுதான் கேட்கும் என்பதும் தெரியும். என் காதாலேயே கேட்டேனே. 'அந்தப் பக்கத்துல யாரு கீறா' என்ற கேள்வியைத் தினமும் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், அதை ஒருமுறை எனக்கு நானே கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் மதியம் நான் அத்தை வீட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சொம்பு அதிர்ந்தது. மோட்டாரை நிறுத்தி, ஒரு தாரைத் தரையில் வைத்து, அடுத்ததைக் கையில் பிடித்தார். வரவில்லை. "ஆங்" என்றார். மோட்டாரைப் போடக் கை நீட்டும்போது மறுபடி ஒரு ரிங். இன்னொரு தாரை வைத்தார். அதுவும் ஒன்றோடு நின்றது. கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்றாவதாக ஒன்று. அதுவும் ஒன்றோடு நின்றது.

"இன்னாடி இது, மூணு வாட்டி நல்லா கீறேன்றா? வூட்டுக்காரன் பொடவ கிடவ எடுத்துக் குடுத்துட்டானா?" என்று சிரித்தார். சிரித்தவர் போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "பண்ணிப் பாக்கட்டுமா?"

ஒரு ரிங் என்றால் திருப்பிக் கூப்பிடக் கூடாது என்பது அவர்கள் ஏற்பாடு. கூப்பிட்டால் மாமியார் எடுப்பாள், அப்புறம் ஏன் எதற்கு என்று கேள்வி வரும். அதனால் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு ரிங்தானே அத்தை? நல்லாத்தான் இருப்பாங்க" என்றேன்.

போனைச் சொம்பில் வைத்துவிட்டார். தரையில் மூன்று தார்கள் கிடந்தன. இரண்டு பேரும்தான் பார்த்தோம். அதை மூன்று என்று எண்ண எங்களுக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளையே ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். குழந்தை போய்விட்டது. மதியம் வலி தொடங்கியபோது மாமியார் அதைச் சூட்டுவலி என்று சொல்லிச் சீரகத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறாள். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

உடனே கிளம்பிப் போன அத்தை எட்டு நாள் வரவில்லை. எதிர்வீட்டுக்காரர் தினமும் ஏழு மணிக்கு வாசலில் வந்து நின்று, "ரிங் வரலையே அம்மா" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போவார். ஒன்பதாம் நாள் மகளைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு வந்தார்.

நான் காபி போட்டு எடுத்துப்போனேன். கதவுக்கு வெளியே நிற்கும்போது மகளின் குரல் கேட்டது.

"மூணு வாட்டி பண்ணேம்மா. மூணு வாட்டியும் யாரோ பாட்டு போட்டு வெச்சிருந்தாங்க. ராங் நம்பர்னு ஒடனே கட் பண்ணிட்டேன். உன் நம்பர் எனக்கு மறந்து போச்சான்னு பயந்துட்டேன். அப்பறம் மாமியாரு வந்துட்டாங்க."

நான் உள்ளே காலை வைத்துவிட்டிருந்தேன். டம்ளரை நீட்டாமல் நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். அத்தை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஒரு முறைதான் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பிறகு மகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கம்பெனிக்காரன் போட்டுட்டான் போல கீது. புது சிம்முல்ல" என்றார்.

அன்றைக்கு மாலை என் வீட்டு வாசலில் வந்து போனை நீட்டினார். "அந்தப் பாட்ட எடுத்துடு." இரண்டு முறை தவறான எண்ணை அழுத்தினேன். மூன்றாம் முறை சரியாக வந்தது. "அத்தை, நான்தான்..." என்று தொடங்கினேன்.

"வவுத்துல புள்ளய வெச்சிகினு எதுவும் பேசாத" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச எனக்கு அவர் இடம் கொடுக்கவே இல்லை.

என் ஏழாம் மாதத்தில் பரணிலிருந்து அந்தத் துணியை இறக்கி, ஒரு ஜதையை எனக்கு அடுக்கிவிட்டார். தன் கையால் அடுக்கலாமா என்று என் மாமியாரிடம் கேட்டுவிட்டுத்தான் அடுக்கினார். இன்னொரு ஜதையை அதே துணியில் முடிந்து மறுபடி பரணில் வைத்தார்.

தெருவில் யாராவது சிம் வாங்க வேண்டும் என்று வந்தால் அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. "எனக்கு இன்னா தெரியும்? பக்கத்து வூட்ல கீதே, படிச்ச பொண்ணு, அதக் கேளு" என்று என்னிடம் அனுப்பிவிடுவார். அது குத்தலா, நம்பிக்கையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஒருநாள் குத்தல் என்று நினைத்து அழுவேன். மறுநாள் அவர் என் குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, இல்லை, இவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்லிக்கொள்வேன்.

என் மகளுக்கு இரண்டு வயது ஆனபோது நாங்கள் திருவள்ளூருக்குக் குடிமாறினோம். "வாரத்துக்கு ஒரு ரிங்கு குடு. பேச வேணாம்" என்றார். வெள்ளிக்கிழமை தோறும் நான் ஒன்று விடுவேன், அவர் ஒன்று விடுவார். ஆனால் அவருடைய ஒற்றை ரிங்கை என்னால் அப்படியே விட முடிந்ததில்லை. உடனே திருப்பிக் கூப்பிடுவேன்.

"ஒரு ரிங்குதானே குடுத்தேன்? நல்லா கீறேன்னு அர்த்தம். எதுக்குப் போன் பண்ற?"

"சும்மாதான் அத்தை."

"பயந்துகினே கீறியே பொண்ணு நீ."

ஏழு வருடங்களுக்கு மேல் இதே பேச்சுதான். போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை ரிங் வரவில்லை. நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலை அந்த நம்பரிலிருந்து ஒரு ரிங் வந்து நின்றது. நான் திருப்பிக் கூப்பிட்டேன். அத்தையின் மகள் எடுத்தாள்.

"அம்மா போயிட்டாங்கக்கா. சனிக்கெழம. தூக்கத்துலயே. அம்மா போன்ல உங்க நம்பருக்கு மட்டும் வளையல் படம் போட்டு வெச்சிருந்தாங்க. யாருன்னு தெரியாம ஒரு ரிங்கு குடுத்துப் பாத்தேன். உங்க கொரல் கேட்டதும் தெரிஞ்சிடுச்சி."

அவளே பேசினாள். இப்போது ஒரு பையன் இருக்கிறான், இரண்டாம் வகுப்பு படிக்கிறான் என்றாள். பிறகு குரல் இறங்கியது.

"அம்மா கடைசி வரைக்கும் என்ன ஒரு வார்த்த கேக்கலக்கா. ஆனா மனசுல இருந்திருக்கும். அன்னிக்கி அந்தப் பாட்டு ஓடட்டும்னு நான் வுட்டிருந்தா, அங்க மூணு ரிங்கு அடிச்சிருக்கும். அவசரப்பட்டு கட் பண்ணிட்டேன். எம்மேலதான் தப்பு. புள்ளய நானே..."

அத்தை என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்க்கு யார் விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பத்து வருடம். என் மகளுக்கு நான் தலை வாரிவிட்ட பத்து வருடம்.

சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பாட்டு கம்பெனிக்காரன் போட்டதில்லம்மா" என்றேன். "நான் வெச்சேன். உங்க அம்மாவுக்கும் சொல்லாம வெச்சேன். அன்னிக்கி அவங்க திருப்பிக் கூப்பிடட்டுமான்னு கேட்டாங்க. வேணாம்னு சொன்னதும் நான்தான். அவங்களுக்குத் தெரியும். உன்கிட்ட மறைச்சாங்க."

அந்தப் பக்கத்தில், தூரத்தில் ஒரு குக்கர் விசில் அடித்தது. ஒரு பையன், "அம்மா, யாரும்மா?" என்று கேட்டான். அவனுக்கும் அவள் பதில் சொல்லவில்லை. நான் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்துக்கொண்டேன்.

அவள் மூச்சு விடுவது கேட்டது. இந்த முறை அவள் கட் பண்ணவில்லை.